லண்டனில் வக்கீல், திருப்பூரில்?

(கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார் செயலாளர்.)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். அதில் பல வருடம் லோன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கல்விக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் மேனேஜர் அறைக்குப் போகும். அந்த அனுபவத்தையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் பேசுகிறேன். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால் நம் பி பிளாக்கிலேயே இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் லிஃப்டில் ஒருவர் கேட்டார். "ஏனுங்க சார், பையனை லண்டனுக்கு அனுப்பி வக்கீலாக்கிட்டா, நாளைக்கு பையர் பணத்தை நிறுத்தினா அவனே அங்க நின்னு கேட்டுருவானுங்களே? இங்க வந்தாலும் பெரிய வக்கீல்தானுங்களே?" நான்கு மாடி இறங்குவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதே வாரம் இன்னும் இரண்டு வீட்டில் அதே கேள்வி. அதனால்தான் இந்தப் பேச்சு.

திருப்பூர்க்காரர் இப்படிக் கேட்பது வெறும் பெருமைக்காக இல்லை. எக்ஸ்போர்ட் செய்கிறவர்கள் உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில், இந்த ஒப்பந்தம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டது என்றோ, அமெரிக்காவில் இன்ன மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது என்றோ ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். சரக்கு கப்பலில் போய்ச் சேர்ந்த பிறகு, அளவு சரியில்லை, கலர் ஒத்துவரவில்லை என்று தள்ளுபடி கேட்டால், வழக்கை எந்த ஊரில் போடுவது என்பதையும் அந்தப் பொடி எழுத்தே முடிவு செய்துவிடுகிறது. அந்த ஊரில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருந்தால் நல்லது என்று நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஆனால் உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே போய் வக்கீலாவது ஒன்று. அந்தச் சன்னதை இங்கே கொண்டுவந்து வக்கீலாக நிற்பது இன்னொன்று. இரண்டும் ஒன்று என்று நாம் நினைப்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீல்களில் தரம் இருந்தது. லண்டன் போய் பாரிஸ்டராகி வந்தவர் 'அட்வகேட்'. இங்கேயே சட்டம் படித்தவர் 'வக்கீல்'. அதற்குக் கீழே 'பிளீடர்'. லண்டனில் லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று நான்கு சங்கங்கள். அவற்றில் ஒன்றில் சேர்ந்து, தேர்வு எழுதி, பெயர் அழைக்கப்பட்டுவிட்டால் கப்பலேறி வந்து இங்கே நேராகக் கோர்ட்டில் நிற்கலாம். தமிழர்களில் இந்த வழியில் முன்னால் போனவர் இலங்கையின் முத்துக்குமாரசுவாமி. 1863ல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் அங்கே பாரிஸ்டரானது அதுதான் முதல் தடவை. நம் கொங்குப் பக்கம் என்றால் குமாரமங்கலம் குடும்பத்து மோகன் குமாரமங்கலம். கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில் பாரிஸ்டராகி, 1939ல் திரும்பி வந்தவர். பின்னாளில் சென்னை மாநில அட்வகேட் ஜெனரலும் மத்திய அமைச்சரும் ஆனார். 'பாரிஸ்டர்' என்ற சொல்லுக்கு நம் தாத்தாக்கள் கொடுத்த மரியாதை இப்படி வந்ததுதான்.

லண்டன் போகாதவர்கள் குறைந்துபோனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1897ல் சென்னை மாகாணத்தில் அட்வகேட் ஜெனரல் பொறுப்பை வகித்த முதல் இந்தியர் பாஷ்யம் ஐயங்கார், வக்கீலாக இருந்து வந்தவர். 1929 முதல் 1944 வரை அந்தப் பதவியில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் சென்னை சட்டக் கல்லூரி மாணவர்.

லண்டன் வரை போய்ச் சன்னது வாங்காமல் வந்தவரும் உண்டு. திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர். பிளீடர் தேர்வு எழுதித் திருச்சியில் தொழில் செய்து, ரங்கூன் போய், அங்கிருந்து 1907ல் லண்டன் போய் லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். படிப்பு முடிந்தது. ஆனால் ராஜ விசுவாச உறுதிமொழி எடுக்க மனம் ஒப்பாமல் பட்டத்தை வேண்டாமென்றார் என்று அவரது வரலாற்றில் சொல்வார்கள். போலீஸ் தேடியதால் 1910ல் தப்பி, பாரிஸ் வழியாகப் புதுச்சேரி வந்து பத்து வருடம் இருந்தார். பாரதியாரோடு பழகினார், சிறுகதை எழுதினார். போன காரியம் ஒன்று, ஆனது வேறொன்று. அவருக்காவது வங்கிக் கடன் இருந்ததாகத் தெரியவில்லை.

காந்தியின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அதில் இன்று நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் சொல்கிறேன். 1888ல் கப்பலேறினார். கடல் தாண்டக்கூடாது என்று சாதிக் கூட்டம் போட்டுத் தள்ளிவைத்தார்கள். துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவருக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம். (இப்போது நாம் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு வேன் பிடித்துப் போகிறோம்.) லண்டனில் பன்னிரண்டு பருவம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஆறு விருந்தாவது சாப்பிட்டிருக்க வேண்டும் என்பது அந்தச் சங்கத்து விதி. நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வைப்பார்கள். இவர் குடிக்காததால் இவரைத் தங்கள் மேஜைக்கு இழுக்கப் போட்டி. 1891 ஜூன் 10ல் பாரிஸ்டர், 11ல் ஹைகோர்ட்டில் பதிவு, 12ல் கப்பல்.

வந்த பிறகு? பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றார், குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வி வரவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பள்ளியில் 75 ரூபாய் சம்பளத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்கு மனுப்போட்டார். நீங்கள் பி.ஏ. இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். லண்டன் பாரிஸ்டரை! 1893ல் ஒரு வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே நேட்டாலில் தொழில் செய்ய நினைத்தபோது, லண்டன் சன்னது கையில் இருந்தும், அந்த ஊர் உச்ச நீதிமன்றத்தில் தனியாக மனுப்போட வேண்டியிருந்தது. அந்த ஊர் வக்கீல் சங்கம் எதிர்த்தது. கோர்ட் சேர்த்துக்கொண்டது, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது. சில மாதத்தில் பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு ஒரு தமிழ்க் கூலித் தொழிலாளி அவர் முன் வந்து நின்றார். பாலசுந்தரம். முதலாளி அடித்திருந்தான். அந்த மனிதரை அந்த முதலாளியிடமிருந்து மாற்றிவிட காந்தியால் முடிந்ததற்கு அவர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தது உதவியது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாம்ராஜ்யம், ஒரே ராணி. அப்போதே ஊருக்கு ஊர் தனியாகச் சேர வேண்டியிருந்தது.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 1961ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம், பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற தரமெல்லாம் எடுத்துவிட்டு எல்லோரையும் 'அட்வகேட்' என்று ஒரே பெயரில் கொண்டுவந்தது. அதன் 24ஆம் பிரிவில் ஒரு தேதி இருக்கிறது. 1976 டிசம்பர் 31. அந்தத் தேதிக்குள் பாரிஸ்டரானவர் அதை வைத்து இங்கே பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு பாரிஸ்டரானவர் அதை மட்டும் வைத்துப் பதிவு செய்ய முடியாது. அந்தக் கதவு அடைத்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. நம் மனதில் மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது.

என் மனதிலும் திறந்துதான் இருந்தது. அதனால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு பவர்டேபிள் யூனிட் வைத்திருந்தவர், மகனைப் பிளஸ் டூ முடித்ததும் இங்கிலாந்தில் மூன்று வருட எல்.எல்.பி. படிப்புக்கு அனுப்ப லோன் கேட்டு வந்தார். ஏஜென்சிக்காரர் கொடுத்த வழவழப்பான புத்தகம் ஒன்றையும் காட்டினார். 'மூன்றே வருடத்தில் வக்கீல்' என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். இங்கே ஐந்து வருடம் ஆகுமே, இரண்டு வருடம் மிச்சம் என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். வீட்டுப் பத்திரம் வைத்து எம்.ஓ.டி. போட சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸுக்கு நான்தான் கூடப் போனேன். அந்தப் பட்டத்தை வைத்து இங்கே கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பையன் நன்றாகப் படித்தான், பாஸ் செய்தான், திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் இங்கே செல்ல, முதலில் அந்தப் பல்கலைக்கழகம் இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். பிறகு வெளிநாட்டில் படித்த இந்தியருக்கென்று பார் கவுன்சில் நடத்தும் தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. அதுபோக, பள்ளி முடித்ததும் நேராகப் போய் மூன்று வருடம் மட்டும் படித்தவருக்கு இரண்டு வருட இணைப்புப் படிப்பு கேட்கிறார்கள். இங்கே டிகிரிக்கு மேல் மூன்று வருடம், அல்லது பிளஸ் டூவுக்கு மேல் ஐந்து வருடம் என்பதுதான் அளவு. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது காரணம். மிச்சமாகும் என்று நினைத்த இரண்டு வருடம் அங்கேயே போய்விட்டது, மேலே ஒரு தேர்வு. இதெல்லாம் முடிந்து பதிவு செய்த பிறகு இங்கே படித்தவர்களைப் போல அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

இதற்கிடையில் கடன் காத்திருக்காது. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும்தான் தவணைக்கு அவகாசம். அந்த அவகாசத்தில் தவணை இல்லையே தவிர, வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். இதைப் பல பேர் கவனிப்பதில்லை. 30 லட்சம் கடன், 10 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணமும் போன பிறகு மாதம் 25,000 ரூபாய் வட்டி மட்டும். பையன் இணைப்புப் படிப்பில் உட்கார்ந்திருக்கும்போதே இ.எம்.ஐ. ஆரம்பித்துவிடும். அந்தக் குடும்பத்தில் அப்படித்தான் ஆயிற்று. அப்பா முதலில் இரண்டு மிஷினை விற்றார், பிறகு யூனிட்டையே வாடகைக்கு விட்டார். ஒவ்வொரு மாதமும் கவுண்டருக்கு வந்து கட்டுவார். என்னைப் பார்த்து எப்போதும்போல வணக்கம் சொல்வார். ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பையன் படிப்பைத் தொடரவில்லை. இப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நல்ல இங்கிலீஷ், நல்ல சம்பளம். வக்கீல் இல்லை.

"சரி, கோர்ட்டுக்குப் போகாமல் ஆபீஸ் போட்டு ஆலோசனை மட்டும் சொல்லலாமே" என்று அன்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அதுவும் அவ்வளவு எளிதில்லை. ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர், வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்வதை எதிர்த்து நம் சென்னை ஹைகோர்ட்டில்தான் வழக்குப் போட்டார். 2012ல் தீர்ப்பு. அது சுப்ரீம் கோர்ட் வரை போய், 2018 மார்ச் 13ல் முடிவானது. இங்கே பதிவு செய்யாதவர் கோர்ட்டிலும் வாதாடக்கூடாது, வெளியே உட்கார்ந்து சட்டத் தொழிலும் செய்யக்கூடாது. எப்போதாவது வந்து தன் நாட்டுச் சட்டம் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டுப் போவது மட்டும் தப்பில்லை என்றார்கள். பிறகு 2023ல் பார் கவுன்சில், வெளிநாட்டு வக்கீல்கள் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டத்தில் மட்டும் ஆலோசனை சொல்ல விதிகள் கொண்டுவந்தது, 2025ல் திருத்தியது. அதிலும் இந்தியச் சட்டத்துக்கு இடமில்லை, நம் கோர்ட்டுக்கும் இடமில்லை.

சன்னது எல்லை தாண்டுவது எங்குமே கிடையாது என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் உண்டு. இத்தாலியில் படித்த இரண்டு பேர், தங்கள் நாட்டுத் தேர்வைத் தவிர்க்க ஸ்பெயினுக்குப் போய் அங்கே வக்கீலாகப் பதிவு செய்து, சில மாதத்தில் திரும்பி வந்து இத்தாலியில் உட்கார்ந்தார்கள். அந்த ஊர் சங்கம் உரிய காலத்துக்குள் முடிவு சொல்லவில்லை, இது ஏமாற்று வேலை இல்லையா என்ற கேள்வி எழுந்தது. 2014 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், இதில் தப்பில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. காரணம், அந்த நாடுகள் முன்கூட்டியே தங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தன. நமக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் அப்படி ஏற்பாடு எதுவும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது லிஃப்டில் கேட்டவரின் முதல் பாதிக் கேள்விக்கு வருகிறேன். அங்கேயே போய் வக்கீலாக வேண்டும், பையர் ஊரில் நிற்க வேண்டும் என்றால் என்ன வழி? இங்கேதான் எனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இங்கே படித்துவிட்டே போகலாம்.

இங்கிலாந்தில் 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தேர்வு வந்திருக்கிறது. சொலிசிட்டர் ஆவதற்கு. முதல் கட்டம் 180 கேள்விகள் வீதம் இரண்டு தாள், மொத்தம் 360, எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதை இந்தியாவிலேயே தேர்வு மையத்தில் உட்கார்ந்து எழுதலாம். இரண்டாம் கட்டம் எழுத்து வேலையும், கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது போன்ற வாய்மொழித் தேர்வும். வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் அங்கே நேரில் போயாக வேண்டும். சாதாரணமாக இரண்டு வருடம் சட்ட வேலை அனுபவமும் கேட்பார்கள். ஏற்கெனவே இங்கே பதிவு செய்த அட்வகேட் என்றால் அந்த இரண்டு வருடம் தேவையில்லை. பாருங்கள், நம் பார் கவுன்சில் சன்னதுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது! தேர்வுக் கட்டணம் 4,000 பவுண்டுக்கு மேல் ஆகும். பெரிய தொகைதான். ஆனால் மூன்று வருட வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணம், தங்கும் செலவோடு ஒப்பிட்டால் பத்திரம் எடுக்க வேண்டிய தொகை இல்லை.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க் மாநிலத்தில் நம் சட்டப் பட்டத்தை எடுத்துப் பார்த்து, வருடக் கணக்கும் பாடமும் அவர்கள் அளவுக்கு ஒத்துவந்தால் நேராகத் தேர்வு எழுத விடுவார்கள். ஏதாவது ஒன்று குறைந்தால் அங்கே ஒரு எல்.எல்.எம். முடித்துவிட்டு எழுத வேண்டும். தபாலில் படித்த பட்டம் செல்லாது. தேர்வு பிப்ரவரியிலும் ஜூலையிலும், இரண்டு நாள், அந்த மாநிலத்துக்கே போய் எழுத வேண்டும். பாஸானால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொழில் ஒழுக்கத் தேர்வு தனி, 50 மணி நேரம் இலவசச் சட்ட சேவை செய்திருக்க வேண்டும், குண நலன் விசாரணை உண்டு, கடைசியில் உறுதிமொழி. ஆக ஒரு தடவைக்கு மேல் விமானம் ஏறத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒன்று. சன்னது வேறு, விசா வேறு. அங்கே வக்கீலாகப் பெயர் ஏறிவிட்டது என்பதற்காக அங்கே தங்கி வேலை செய்யும் உரிமை வந்துவிடாது. வேலை கொடுக்கிற நிறுவனம் வேண்டும், அது விசா எடுத்துத் தர வேண்டும். ஏஜென்சிப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அதனால் என் அபிப்பிராயம், பிள்ளை அங்கேயே குடியேறி வாழப்போகிறார் என்று வீட்டில் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, முதல் பட்டத்தை இங்கே முடிக்கட்டும். கோயமுத்தூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சன்னது வாங்கி, இங்கே கோர்ட்டில் கொஞ்ச நாள் நின்று, பிறகு லண்டனோ நியூயார்க்கோ போகட்டும். அப்படிப் போனவர் திரும்பி வந்தாலும் வக்கீல்தான். முதலில் அங்கே போய்விட்டு வருகிறவர், திரும்பி வரும்போது மறுபடி மாணவர். நான் இப்படிச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "அங்கிள், வெளிநாட்டுக் கல்லூரிப் படிப்பின் தரத்தையே நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை" என்றாள். நியாயம்தான். அவள் சொன்னதும் இதில் பதிவாகட்டும். நான் பார்த்தது எல்லாம் கடன் பக்கத்தில் இருந்துதான்.

லிஃப்டில் கேட்டவர் கூட்டம் முடிந்ததும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏஜென்சிக்கு முன்பணம் கட்டிவிட்டாராம். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டேன், படிப்பு எத்தனை வருடம் என்று கேட்டேன். பார் கவுன்சில் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதுவரை பத்திரத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பையன் மட்டும், "அங்கிள், நான் திரும்பி வரணும்னு யார் சொன்னா?" என்று கேட்டான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அந்த வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. அவர்களைப் பேச விட்டுவிட்டு நான் நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டேன்.

யாருக்காவது விண்ணப்பம் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் கிளப் ஹவுஸில் இருப்பேன். அட்மிஷன் கடிதம், கட்டண விவரம், வங்கி கொடுத்த சாங்ஷன் லெட்டர் மூன்றையும் எடுத்து வாருங்கள். கண்ணாடியை மறக்காதீர்கள், எல்லாம் பொடி எழுத்து.